126... 180... சர்க்கரை நோய் சத்தமில்லாமல் வளரும் அந்த இடைவெளி!

‘அடிக்கடி யூரின் போகலை, தாகம் எடுக்கலை, எடையும் குறையலை. அப்புறம் எப்படி எனக்கு சுகர் இருக்கும்?’ ரிப்போர்ட்டைப் பார்த்ததும் பலரும் கேட்கும் முதல் கேள்வி இதுதான். ‘லேப்ல ஏதோ தப்பு நடந்திருக்கும்’ என்று அந்தக் காகிதத்தை பீரோவுக்குள் வைத்துவிடுபவர்களும் உண்டு. உங்கள் வீட்டிலேயே ஒருவர் இருக்கலாம்.

கேள்வி நியாயமானதுதான். காய்ச்சல் என்றால் உடம்பு சுடுகிறது, பல் சொத்தை என்றால் வலிக்கிறது. சர்க்கரை நோய் மட்டும் ஏன் ஆண்டுக்கணக்கில் அறிகுறியே காட்டாமல் இருக்கிறது? அதற்கான பதிலைப் புரிந்துகொண்டால், எப்போது டெஸ்ட் எடுப்பது, ஏன் மாத்திரையை நிறுத்தக் கூடாது, காலை ஏன் தினமும் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் தானாகவே புரிந்துவிடும்.

ரத்தத்தில் சர்க்கரை ஏன் தேங்குகிறது?

நாம் சாப்பிடும் இட்லி, சோறு, சப்பாத்தி எல்லாமே செரித்து குளுக்கோஸாக மாறி ரத்தத்தில் கலக்கிறது. அங்கிருந்து அது தசைகளுக்குள் போனால்தான் உடம்புக்குத் தெம்பு. ஆனால், தசை செல்களின் கதவு எப்போதும் சாத்தியே இருக்கும். அந்தக் கதவைத் திறந்துவிடும் வேலையைச் செய்வதுதான் கணையத்தில் சுரக்கும் இன்சுலின்.

டைப் 1 நீரிழிவில், உடலின் எதிர்ப்பு சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழித்துவிடுகிறது. பெரும்பாலும் குழந்தைகளுக்கும் இளம் வயதினருக்கும் வருவது இது. இவர்களுக்கு இன்சுலின் ஊசிதான் உயிர். இனிப்பு சாப்பிட்டதாலோ, பெற்றோர் வளர்த்த விதத்தாலோ வருவதில்லை.

நம்மில் பெரும்பாலானவர்களுக்கு வருவது டைப் 2. இதில் இன்சுலின் சுரக்கிறது, ஆனால் கதவு சட்டென்று திறப்பதில்லை. வயிற்றிலும் கல்லீரலிலும் கொழுப்பு சேரச் சேர, தசைகள் இன்சுலின் சொல்வதைக் கேட்பது குறைகிறது. ஒரு பங்கு இன்சுலின் செய்ய வேண்டிய வேலைக்கு, கணையம் இரண்டு பங்கு, மூன்று பங்கு சுரக்க வேண்டியிருக்கிறது. பல வருடங்கள் இப்படி ஓவர்டைம் பார்த்த கணையம் ஒருகட்டத்தில் தளர்ந்துபோகிறது. ரத்தத்தில் சர்க்கரை தேங்க ஆரம்பிப்பது அப்போதுதான். ரிப்போர்ட்டில் எண் ஏறும் நாளுக்குப் பல வருடங்கள் முன்பே பிரச்னை தொடங்கிவிடுகிறது.

எறும்பு வந்தால்தான் சுகரா?

‘யூரின்ல எறும்பு மொய்ச்சா சுகர்’ என்று நம் பாட்டிகள் சொல்வார்கள். அது பழங்கால வைத்தியர்கள் கவனித்து எழுதி வைத்த உண்மைதான். ஆனால், இன்று அதை நம்பிக் காத்திருந்தால் நஷ்டம் நமக்கு.

சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும்போது, அதிலுள்ள குளுக்கோஸை வீணாக்காமல் திரும்பவும் ரத்தத்துக்கே அனுப்பிவிடும். பொதுவாக, ரத்த சர்க்கரை ஒரு டெசிலிட்டருக்கு சுமார் 180 மில்லிகிராம் வரை அதனால் இதைச் செய்ய முடியும். அதைத் தாண்டும்போதுதான் மிச்ச சர்க்கரை சிறுநீரில் வழிகிறது. சர்க்கரை தன்னோடு தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால் அடிக்கடி சிறுநீர், அதனால் தாகம், சாப்பிட்டும் எடை குறைவது... எல்லாமே அந்த 180-க்கு அப்புறம் நடக்கிற சங்கதிகள்.

ஆனால், வெறும் வயிற்றில் 126 வந்தாலே அது நீரிழிவு. அந்த 126-க்கும் 180-க்கும் நடுவில் ஒருவர் வருடக்கணக்கில் இருக்கலாம். தாகம் இருக்காது, எறும்பும் வராது. ஆபீஸ் போவார், கல்யாணத்துக்குப் போவார், பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவார். உள்ளே ரத்தக்குழாய்கள் மட்டும் பாதிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். டைப் 2 நீரிழிவு கண்டறியப்படும் முதல் நாளிலேயே சிலருக்குக் கண்ணிலும் நரம்பிலும் பாதிப்பு தெரிவதற்கு இதுதான் காரணம்.

இந்த இடைவெளியிலும் உடம்பு சில சின்னச் சின்ன சிக்னல்களைத் தரலாம். கழுத்தின் பின்புறமும் அக்குளிலும் தோல் கருத்துத் தடித்துப்போவது அதில் ஒன்று. அழுக்கு என்று நினைத்துப் பலர் அதைத் தேய்த்துக்கொண்டே இருப்பார்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளமாக அது இருக்கலாம். அடிக்கடி வரும் பூஞ்சைத்தொற்று, பிறப்புறுப்பில் அரிப்பு, ஆற மறுக்கும் புண், தோள்பட்டை இறுக்கம், காரணமில்லாத அசதி... இவையும் ரத்தப் பரிசோதனைக்கான காரணங்களே.

‘நான் ஒல்லியாத்தானே இருக்கேன்!’

ஐ.சி.எம்.ஆர் ஆதரவுடன் நாடு முழுக்க நடத்தப்பட்ட ‘இண்டியாப்’ ஆய்வின் முடிவுகள் 2023-ல் வெளியாகின. இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகவும், இன்னும் 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய ‘ப்ரீ-டயாபடீஸ்’ நிலையில் இருப்பதாகவும் அது மதிப்பிட்டது. நமக்குப் பக்கத்திலிருக்கும் புதுச்சேரியில் நான்கு பேரில் ஒருவருக்கு நீரிழிவு.

இத்தனை பேரும் குண்டானவர்களா? இல்லை. நம் ஊர்க்காரர்களின் உடல்வாகே கொஞ்சம் வில்லங்கமானது. கை, கால் ஒல்லியாக இருக்கும், தொப்பை மட்டும் முன்னால் வந்து நிற்கும். தசை குறைவு, வயிற்றுக் கொழுப்பு அதிகம். எடை மெஷினில் நிற்கும்போது எல்லாம் சரியாகவே தெரியும். அதனால்தான், மற்ற நாட்டவருக்கு உடல் எடைக் குறியீடு எனும் பி.எம்.ஐ 25 வரை பரவாயில்லை என்றால், நமக்கு 23-லேயே மணி அடிக்கிறார்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள்ளும், பெண்களுக்கு 80-க்குள்ளும் இருக்க வேண்டும்.

குடும்பத்தில் யாருக்காவது இருப்பது, நாள் முழுக்க உட்கார்ந்தே பார்க்கும் வேலை, சரியான தூக்கமின்மை, புகைப்பழக்கம், பி.சி.ஓ.எஸ், கர்ப்ப காலத்தில் வந்த சர்க்கரை, ஸ்டீராய்டு மருந்துகளை நீண்டகாலம் எடுப்பது ஆகியவையும் ஆபத்தைக் கூட்டுகின்றன. இதில் பரம்பரையை நம்மால் மாற்ற முடியாது. மற்ற பலவற்றை மாற்ற முடியும்.

உங்கள் ஸ்கோர் என்ன?

ரத்தம் எடுக்காமலே உங்கள் ஆபத்தை ஓரளவு கணிக்க ஒரு வழி இருக்கிறது. சென்னையைச் சேர்ந்த டாக்டர் வி.மோகனின் ஆய்வுக்குழு 2005-ல் வெளியிட்ட ‘இந்திய நீரிழிவு ரிஸ்க் ஸ்கோர்’. ஒரு இன்ச் டேப் போதும்.

* வயது: 35-க்குக் கீழ் 0, 35 முதல் 49 வரை 20, 50-ம் அதற்கு மேலும் 30.
* இடுப்புச் சுற்றளவு: பெண்களுக்கு 80 செ.மீ-க்குக் கீழ் 0. 80 முதல் 89 வரை 10. 90-ம் அதற்கு மேலும் 20. ஆண்களுக்கு 90 செ.மீ-க்குக் கீழ் 0. 90 முதல் 99 வரை 10. 100-ம் அதற்கு மேலும் 20.
* உடல் உழைப்பு: தொடர்ந்து உடற்பயிற்சி, அதோடு உடல் உழைப்புள்ள வேலையும் என்றால் 0, இரண்டில் ஏதாவது ஒன்று மட்டும் என்றால் 20, இரண்டுமே இல்லை என்றால் 30.
* குடும்பம்: பெற்றோர் இருவருக்கும் நீரிழிவு இல்லை என்றால் 0, ஒருவருக்கு இருந்தால் 10, இருவருக்கும் இருந்தால் 20.

கூட்டிப் பாருங்கள். 30-க்குக் கீழ் என்றால் ஆபத்து குறைவு. 30 முதல் 50 வரை நடுத்தரம். 60-ம் அதற்கு மேலும் என்றால் ஆபத்து அதிகம், உடனே ரத்தப் பரிசோதனை அவசியம்.

உதாரணத்துக்கு, 40 வயது ஐ.டி ஊழியர். இடுப்பு 94 செ.மீ. உடற்பயிற்சி கிடையாது. அப்பாவுக்கு சுகர். 20+10+30+10 என்று 70 வருகிறது. இவர் தினமும் நடக்க ஆரம்பித்தால் 60. இடுப்பும் 90-க்குக் கீழே இறங்கினால் 50. வயதையும் அப்பாவையும் மாற்றாமலேயே 20 மதிப்பெண் குறைகிறது!

ஒரு விஷயம்... பேன்ட் சைஸைச் சொல்லி ஏமாற்றிக்கொள்ளாதீர்கள். பலர் பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழேதான் போடுகிறோம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, மூச்சை இழுத்துப் பிடிக்காமல் அளக்க வேண்டும்.

எந்த டெஸ்ட், எவ்வளவு இருந்தால்?

* வெறும் வயிற்றில்: 100-க்குக் கீழ் நார்மல். 100 முதல் 125 வரை ப்ரீ-டயாபடீஸ். 126-ம் அதற்கு மேலும் நீரிழிவு. எட்டு மணி நேரம் எதுவும் சாப்பிட்டிருக்கக் கூடாது. தண்ணீர் குடிக்கலாம், காபி கூடாது.
* 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து: 140-க்குக் கீழ் நார்மல். 140 முதல் 199 வரை ப்ரீ-டயாபடீஸ். 200-ம் அதற்கு மேலும் நீரிழிவு.
* ஹெச்பிஏ1சி: 5.7-க்குக் கீழ் நார்மல். 5.7 முதல் 6.4 வரை ப்ரீ-டயாபடீஸ். 6.5-ம் அதற்கு மேலும் நீரிழிவு.

இதில் ஹெச்பிஏ1சி-யை ஏமாற்றுவது கஷ்டம். டெஸ்ட்டுக்கு முந்தின இரண்டு நாள் மட்டும் சோற்றைக் குறைத்துவிட்டு லேபுக்குப் போகிறவர்கள் நம்மிடையே அதிகம். வெறும் வயிற்று அளவு அதற்கு ஏமாறலாம். ஆனால், சிவப்பணுக்களில் ஒட்டிக்கொண்ட சர்க்கரையை அளப்பது ஹெச்பிஏ1சி. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால், கடந்த மூன்று மாதக் கதையை அது சொல்லிவிடும். 7 என்றால் சராசரி சர்க்கரை சுமார் 154; 8 என்றால் 183. அதாவது, 7.5 ஹெச்பிஏ1சி உள்ள ஒருவருக்கு தாகமோ, அடிக்கடி சிறுநீரோ இல்லாமலே இருக்கலாம். அந்த இடைவெளியில்தான் அவர் இருக்கிறார்.

ரத்தசோகை இருப்பவர்களுக்கு ஹெச்பிஏ1சி முடிவு மாறித் தெரியலாம். டாக்டரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். அறிகுறிகள் எதுவும் இல்லாதவர்களுக்கு ஒரே ஒரு முடிவை வைத்து நீரிழிவு என்று உறுதி செய்யக் கூடாது, இரண்டாவது முறை பார்க்க வேண்டும். விரல் நுனியில் குத்திப் பார்க்கும் குளுக்கோமீட்டர், நோயைக் கண்காணிக்கத்தான். உறுதி செய்ய லேப் பரிசோதனை வேண்டும்.

30 வயது தாண்டியவர்கள், அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இது இலவசம்.

கதவே இல்லாத வீடுகள்

தசைகளுக்குக் கதவு உண்டு, இன்சுலின் திறக்க வேண்டும் என்று பார்த்தோம். ஆனால் கண்ணின் விழித்திரை, சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றின் செல்களுக்கு அந்தக் கதவே கிடையாது. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால், இங்கெல்லாம் தடையில்லாமல் உள்ளே புகுந்துவிடும். நீரிழிவு ஏன் குறிப்பாக இந்த மூன்றைத் தாக்குகிறது என்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இந்த மூன்று இடங்களிலும் பாதிப்பு ஆரம்பத்தில் வலிக்காது.

கண்: விழித்திரையின் நுண்ணிய ரத்தக்குழாய்களில் கசிவு தொடங்கி வெகுநாள் வரை பார்வை தெளிவாகவே இருக்கும். மங்கலாகும்போது பாதிப்பு முற்றியிருக்கலாம். கண்ணாடி பவர் செக் பண்ணுவது போதாது. வருடத்துக்கு ஒருமுறை, சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கும் பரிசோதனை வேண்டும். டைப் 2 என்றால், கண்டறிந்த உடனேயே முதல் பரிசோதனை.

சிறுநீரகம்: ‘கிரியேட்டினின் நார்மல்தான்’ என்று நிம்மதியாகிவிடுகிறோம். சிறுநீரகத்தின் செயல்பாடு ஏறக்குறைய பாதி குறையும் வரை கிரியேட்டினின் நார்மலாகவே தெரியலாம். அதற்கு முன்பே சிறுநீரில் அல்புமின் எனும் புரதம் கசியத் தொடங்கும். வருடம் ஒருமுறை சிறுநீரில் அல்புமின் டெஸ்ட் எடுத்தால், காப்பாற்றக்கூடிய கட்டத்திலேயே பிடித்துவிடலாம். ரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைக்க வேண்டும்.

கால்: முதலில் எரிச்சல், மதமதப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்வு. அப்புறம் அதுவும் போய்விடும். ‘இப்ப எரிச்சல் இல்லை, சரியாகிடுச்சு’ என்று சந்தோஷப்பட்டால், அது உணர்வே போனதாலும் இருக்கலாம். நடந்துபோகும்போது செருப்பு கழன்று விழுந்ததே தெரியவில்லையா? அது அபாய அறிவிப்பு. சித்திரை வெயிலில் கோயில் பிராகாரத்தைச் சுற்றிவிட்டு வந்து, பாதம் கொப்புளித்திருப்பதை வீட்டில் யாராவது சொல்லித்தான் தெரிந்துகொள்பவர்கள் இருக்கிறார்கள். கோயிலுக்கு அதிகாலையில் போங்கள். வெறுங்காலில் நடக்காதீர்கள். தினமும் இரவில் பாதத்தையும் விரல் இடுக்கையும் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடியைக் கீழே வைத்துப் பாருங்கள். கால் ஆணியை நீங்களே பிளேடால் வெட்டாதீர்கள்.

இதயம்: நரம்புகள் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாரடைப்பின் நெஞ்சுவலிகூட தெரியாமல் போகலாம். திடீர் மூச்சுத்திணறல், வியர்வை, அசதி மட்டும் வரலாம். ‘கேஸ் டிரபிள்’ என்று சோடா குடித்துவிட்டுப் படுக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

‘சுகர் நார்மல் ஆயிடுச்சு, மாத்திரையை நிறுத்திட்டேன்!’

எல்லா வீட்டிலும் கேட்கக்கூடிய வசனம் இது. மாத்திரை சாப்பிட்டதால்தான் அந்த எண் நார்மலுக்கு வந்திருக்கிறது. நிறுத்தினால் திரும்ப ஏறும். ஏறுவதும் வலிக்காது, தெரியாது. எடையை நன்றாகக் குறைத்த சிலருக்கு மருந்து இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள் இருக்கலாம். ஆனால், அந்த முடிவை டாக்டர்தான் எடுக்க வேண்டும்.

பிரிட்டனில் 1977 முதல் 20 வருடங்கள் நடந்த யு.கே.பி.டி.எஸ் ஆய்வில், ஹெச்பிஏ1சி ஒரு சதவிகிதப் புள்ளி குறையும்போது கண், சிறுநீரகம் போன்ற நுண்ரத்தக்குழாய் பாதிப்புகளின் ஆபத்து 37 சதவிகிதம் குறைவாக இருந்தது. 9-ல் இருப்பவர் 8-க்கு வருவதே பெரிய லாபம்தான்.

இன்சுலின் என்றால் ‘கடைசி ஸ்டேஜ்’ என்ற பயமும் வேண்டாம். 1922 ஜனவரியில், கனடாவின் டொரன்டோவில் 14 வயது லியோனார்டு தாம்சனுக்கு முதன்முதலாக இன்சுலின் போடப்பட்டது. அதுவரை டைப் 1 வந்த குழந்தைகளைப் பட்டினி போட்டுக் கொஞ்ச நாள் காப்பாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. அந்த ஊசியைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான பான்டிங்கின் பிறந்தநாளான நவம்பர் 14-தான் உலக நீரிழிவு தினம்.

வெந்தயம், பாகற்காய், ஆவாரம்பூ சாப்பிடுவதில் தவறில்லை. அவற்றை நம்பி இன்சுலினையோ மாத்திரையையோ நிறுத்துவதுதான் ஆபத்து. வேறு மருத்துவமுறை மருந்து எடுத்தால், டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

மருந்து எடுப்பவர்கள் தாழ் சர்க்கரையையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். படபடப்பு, வியர்வை, கை நடுக்கம், தடுமாற்றம் வந்தால், சர்க்கரை 70-க்குக் கீழே போயிருக்கலாம். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். மயங்கிக் கிடப்பவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

தடுக்க முடியுமா?

முடியும் என்பதற்கு சென்னையிலேயே ஆதாரம் இருக்கிறது. டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழு, ப்ரீ-டயாபடீஸ் நிலையிலிருந்த 531 பேரை மூன்று வருடங்கள் பின்தொடர்ந்து, 2006-ல் முடிவை வெளியிட்டது. வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 100-க்கு 55 பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. உணவையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களில் அது 39. மாத்திரை கொடுக்கப்பட்டவர்களிலும் ஏறக்குறைய அதே அளவுதான். தினசரி நடை, ஒரு மாத்திரைக்குச் சமமாக வேலை செய்திருக்கிறது! எல்லோருக்கும் தடுத்துவிடவில்லை என்பதும் உண்மை. அதனால் ப்ரீ-டயாபடீஸ்காரர்கள் வருடா வருடம் டெஸ்ட் எடுப்பதையும் விடக் கூடாது.

என்ன செய்யலாம்?

* வாரத்துக்கு 150 நிமிடங்கள் வேகமான நடை. பேசிக்கொண்டே நடக்க முடியணும், பாட முடியக் கூடாது. அந்த வேகம்.
* சாப்பிட்டதும் 10 நிமிடம் நடங்கள். வேலை செய்யும் தசை, இன்சுலினுக்குக் காத்திராமலே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும்.
* வாரம் இரண்டு நாள் தசைகளுக்கான பயிற்சி. நாற்காலியில் உட்கார்ந்து எழுவதும் பயிற்சிதான்.
* தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை அல்லது மீன், கால் பங்கு சோறு. உருளைக்கிழங்கு காய்கறிக் கணக்கில் வராது!
* சோற்றை விட்டுவிட்டு ஐந்து சப்பாத்தி சாப்பிட்டால் பலன் இல்லை. கேழ்வரகுக்கும் அளவு உண்டு; கூழாகக் குடித்தால் சர்க்கரை வேகமாக ஏறும்.
* வெல்லம், தேன், கருப்பட்டி எல்லாம் ரத்தத்துக்குப் போனால் சர்க்கரைதான். பழத்தை ஜூஸ் போடாமல் கடித்துச் சாப்பிடுங்கள்.

கர்ப்பிணிகளும் குழந்தைகளும்

கர்ப்ப காலத்தில் வரும் சர்க்கரையும் பெரும்பாலும் அறிகுறி காட்டாது. அதனால்தான், கர்ப்பிணிகள் எல்லோருக்கும் பரிசோதனை வேண்டும் என்று சென்னை டாக்டர் வி.சேஷையா பல வருடங்கள் வலியுறுத்தினார். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தில் 140-ம் அதற்கு மேலும் வந்தால் கர்ப்பகால நீரிழிவு என்ற எளிய முறையை அவரது குழு பரவலாக்கியது. பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால், பின்னாளில் டைப் 2 வரும் வாய்ப்பு அதிகம். ‘குழந்தை பிறந்துடுச்சு, சுகர் போயிடுச்சு’ என்று மறந்துவிடாமல், ஆறு வாரத்தில் ஒரு டெஸ்ட், பிறகு வருடா வருடம்.

குழந்தைகளுக்கு வரும் டைப் 1 இதற்கு நேரெதிர், வேகமாக வரும். படுக்கையை நனைப்பதை விட்டிருந்த குழந்தை திரும்பவும் நனைக்கிறது, தண்ணீர் பாட்டிலை விடாமல் குடிக்கிறது, இளைத்துக்கொண்டே போகிறது என்றால், அன்றைக்கே சர்க்கரை பாருங்கள். வாந்தியும் வேகமான மூச்சும் சேர்ந்தால் அவசர சிகிச்சை.

காலண்டரில் எழுதி வையுங்கள்

ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களா? மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹெச்பிஏ1சி. வருடத்துக்கு ஒருமுறை விழித்திரை, சிறுநீர் அல்புமின், கிரியேட்டினின், கொலஸ்ட்ரால், பாதப் பரிசோதனை. ஒவ்வொரு முறை டாக்டரைப் பார்க்கும்போதும் ரத்த அழுத்தம். வெளியே போய் மருந்து வாங்க முடியாதவர்களுக்கு, தமிழக அரசு 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மூலம் வீட்டுக்கே மாத்திரை கிடைக்கும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

இதுவரை டெஸ்ட்டே எடுக்காதவர்களா? இன்று இன்ச் டேப்பை எடுத்து ஸ்கோர் போடுங்கள். 60 வந்தால், நாளை காலை காபிக்கு முன்னால் லேபுக்குக் கிளம்புங்கள். வீட்டில் அப்பா, அம்மா ‘எனக்கு ஒண்ணும் இல்லப்பா’ என்று சொன்னால், அவர்களையும் கையோடு அழைத்துப் போங்கள்.